சின்னப் படகா, பெரிய படகா?

தாராசுரத்துக்காரர்களுக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஒரு சம்பந்தமும் இல்லை என்பதுதான் உண்மை. பட்டுத்தறி தெரியும். வெற்றிலை தெரியும். ஐராவதேஸ்வரர் கோயிலில் கல்லிலே தேர் தெரியும், அந்தத் தேரை இழுக்கும் குதிரை தெரியும். ஊரை ஒட்டி அரசலாறு ஓடுகிறதே என்றால், அது ஓடும்போது ஓடும், மற்ற நாளில் பையன்கள் அதில் கிரிக்கெட் ஆடுவார்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. இந்தக் கணக்கில் வாழும் ஆற்றில் மோட்டார் படகு விட யாருக்கும் தோன்றாது.

ஆனாலும் ஒரு பொங்கல் விடுமுறையில், தாராசுரத்தில் ஒரு பட்டு வியாபாரி வீட்டுத் திண்ணையில் இரண்டு மணி நேரம் படகுச் சண்டை நடந்தது. சண்டையின் தலைப்பு: பெரிய படகு ஒன்றா, சின்னப் படகு இரண்டா?

மொத்தம் பதினாலு உருப்படி. எண்பத்திரண்டு வயது அப்பாயி, அவரின் இரண்டு மகன்கள், மருமகள்கள், ஒரு மகள், மருமகன், பேரப் பிள்ளைகள் ஏழு. அதில் கடைசிக்கு வயது நாலு. போகிற இடம் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. மன்னார்குடி வழியாக வேனில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அனுமதி, படகு எல்லாம் பெரியவர் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார். அங்கே எந்தப் படகு என்பது மட்டும்தான் பாக்கி.

"எல்லாரும் ஒண்ணாப் போகத்தானேடா போறோம்? ஒரே போட்டா எடுத்துக்குவோம். பெருசுன்னா ஆடாது. அம்மாவுக்கும் பயமிருக்காது" என்றார் பெரியவர்.

"அண்ணே, அங்க தண்ணியே கொஞ்சம்தான். பெரிய போட்டு உள்ள வரைக்கும் போகாதுங்கறாங்க" என்றார் தம்பி.

என்ஜினியரிங் படிக்கும் மூத்த பேரன் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் குழப்பினான். அப்பாயி ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனை பேரு ஏறலாம்னு அதுல எழுதியிருப்பாங்களா?"

யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது கடைசியில்.

பெரிய படகின் பக்கம் உள்ள நியாயம்

பெரியவர் சொன்னது வெறும் பிடிவாதம் இல்லை. பெரிய படகுக்கென்று உண்மையான நன்மைகள் உண்டு.

ஒரு படகின் நீளத்தை 16 அடியிலிருந்து 24 அடியாக்கினால் அது ஒன்றரை மடங்குதான். ஆனால் அகலமும் ஆழமும் அதே விகிதத்தில் வளர்ந்தால், படகு அடைக்கும் இடம் ஒன்றரை × ஒன்றரை × ஒன்றரை, அதாவது கிட்டத்தட்ட 3.4 மடங்கு ஆகிவிடும். எடையும் ஏறத்தாழ அப்படியே ஏறும். ஆகவே ஒரு ஆள் எழுந்து நின்றால் சின்னப் படகு பதறும், பெரிய படகு கண்டுகொள்ளாது. சின்ன அலை வந்தால் சின்னப் படகு அதில் ஏறி இறங்கும், பெரிய படகு அதை வெட்டிக்கொண்டு போகும். கூரை இருக்கும். வெயிலில் குழந்தைகள் வாடாது. தண்ணீர் மேலே தெறிக்காது. காற்று பலமாக இருக்கும் திறந்த நீரில், மற்றதெல்லாம் சமமாக இருந்தால், பெரியதே மேல். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

"மற்றதெல்லாம் சமமாக இருந்தால்" என்ற இடத்தில்தான் வம்பே இருக்கிறது.

தண்ணீர் என்ன சொல்கிறது?

முத்துப்பேட்டை, தமிழ்நாட்டின் மிகப்பெரிய அலையாத்திக் காடு. காவிரியின் கிளையான வெண்ணாற்றிலிருந்து பிரிந்து வரும் பாமணியாறு, கோரையாறு போன்றவை கடைசியில் வந்து கடலைத் தொடும் இடம். ஜாம்புவானோடையில் படகேறி ஆற்று வழியே போனால், இரண்டு பக்கமும் மரம் நெருங்கி வந்து, பிறகு சட்டென்று விலகி, ஒரு பெரிய காயல் திறந்துகொள்ளும். அதற்கப்பால் பாக் நீரிணை.

பார்க்கக் கடல் மாதிரி பரந்திருக்கும் அந்தக் காயல், பெரும்பாலான இடங்களில் ஓர் ஆள் உயரம்கூட ஆழம் இல்லை. ஆறுகள் கொண்டுவரும் வண்டல் படிந்துகொண்டே இருக்கிறது. ஓதம் ஏறும்போது ஓட்டமாகப் போன வழி, ஓதம் இறங்கும்போது சேறாக இருக்கும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் இந்தக் காட்டையும் விட்டுவைக்கவில்லை. மரங்கள் முறிந்தும் பட்டும் போயின.

காட்டை மீட்க வனத்துறை வெட்டிய வாய்க்கால்களைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். நடுவில் ஒரு கால்வாய், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளைகள். மேலேயிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். ஓத நீர் உள்ளே வந்து போவதற்கான ஏற்பாடு அது. நீருக்குப் போட்ட வழி, பெரிய படகுக்குப் போட்ட வழி அல்ல.

படகு தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் அமிழ்கிறது என்பதுதான் இங்கே முதல் கேள்வி. சின்ன ஃபைபர் படகின் அடிப்பாகம் ஒரு அடிக்குள் அமிழும். ஆனால் அவுட்போர்டு என்ஜினின் விசிறி அதற்கும் கீழே நிற்கும். என்ஜினை இறக்கி ஓட்ட இரண்டு, இரண்டரை அடித் தண்ணீராவது வேண்டும். அதற்கும் குறைந்தால்? சின்னப் படகில் என்ஜினைத் தூக்கிவிட்டு, நீளமான கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போகலாம். தட்டிப்போனால் இரண்டு பேர் இறங்கித் தள்ளலாம். இரண்டு, மூன்று டன் எடையுள்ள பெரிய படகு சேற்றில் உட்கார்ந்தால் அடுத்த ஓதம் வரும்வரை பறவை பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஒருவேளை அதற்காகத்தான் வந்தோம் என்று வைத்துக்கொண்டாலும், நாலு வயதுக் குழந்தைக்கு அதைப் புரிய வைக்க முடியாது :-)

எத்தனை பேர்?

பேரன் திண்ணையில் போட்டுக் காட்டிய கணக்கு இது. அமெரிக்காவில் 1971-ல் வந்த படகுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, 20 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளில் எத்தனை பேர், எவ்வளவு எடை என்று தகடு அடிக்க வேண்டும் என்று விதி வந்தது. தகடு இல்லாத சின்னப் படகுக்கு அங்கே ஒரு கைக்கணக்கு சொல்வார்கள். நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கு, 15-ஆல் வகு.

16 அடி நீளம், 6 அடி அகலம் என்றால் 96. வகுத்தால் 6.4. அதாவது ஆறு பேர். 19 அடி, 7 அடி என்றால் 133. வகுத்தால் 8.8. ஒன்பது என்று சொல்லக்கூடாது, எட்டு பேர். இதுகூட அமைதியான தண்ணீருக்குத்தான். காற்று அடித்தால் இன்னும் குறைக்க வேண்டும்.

"குழந்தைங்களை அரை டிக்கெட்டாப் போட்டுக்கலாமா?" என்று கேட்டார் பெரியவர். பஸ்ஸில் போடலாம். தண்ணீருக்கு அரை டிக்கெட் தெரியாது. எடை குறைவாக இருக்கலாம், ஆனால் இங்கேயும் அங்கேயும் ஓடுகிற தலை அதுதான். அதற்கும் ஒரு லைஃப் ஜாக்கெட் வேண்டும், அதுவும் குழந்தை அளவில்.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். பெரிய படகில் இடம் அதிகம் என்பது நன்மை போலத் தெரிகிறது. ஆனால் காலி இடம் என்பது அதிக நாள் காலியாக இருக்காது. பெரிய அண்டா வாங்கினால் விருந்தாளி வந்துவிடுவார்கள். இருபது பேர் படகில் பதினாலு பேர் உட்கார்ந்தால், "இன்னும் எட்டு பேர்தானே" என்று ஒரு குரல் எழும். சின்னப் படகில் ஏழு பேர் உட்கார்ந்து, எட்டாவதாக இன்னொருவர் காலை வைத்தாலே படகு சாய்ந்து "வேண்டாம்" என்று சொல்லிவிடும். பெரிய படகு அப்படி முன்கூட்டிச் சொல்வதில்லை. கடைசி வரை பொறுத்துக்கொண்டு, திடீரென்று பொறுமை இழக்கும்.

மூன்று சம்பவங்கள்

2009 செப்டம்பர் 30. தேக்கடி. ஜலகன்யகா என்ற இரண்டு தட்டுச் சுற்றுலாப் படகு பெரியாறு ஏரியில் கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். புதிதாக விடப்பட்ட படகு. சின்னதும் இல்லை, பழையதும் இல்லை. கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டபோது படகு சாய்ந்தது என்றே அப்போது செய்திகள் வந்தன.

இதில் உள்ள கணக்கு எளிமையானது. ஆளுக்கு 60 கிலோ என்றால் பத்து பேர் 600 கிலோ. அந்த 600 கிலோ நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்கிறது. அதுவும் மேல் தட்டில் நகர்கிறது. எடை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் படகு சாயும், சாய்ந்த பின் நிமிர்வதும் கஷ்டம். குடத்தை இடுப்பில் வைத்து நடப்பதற்கும் தலையில் வைத்து நடப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

2011 டிசம்பர் 25. பழவேற்காடு. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். இரண்டு தட்டெல்லாம் இல்லாத படகு.

2023 மே 7. கேரளத்தின் தானூர். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய இரண்டு தட்டு உல்லாசப் படகு. மாலை நேரம், அளவுக்கு மீறிய கூட்டம். 22 பேர். அதில் பெரும்பாலும் குழந்தைகள். ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் பலர்.

மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் "சின்னதுதான் பத்திரம்" என்றும் சொல்ல முடியாது, "பெரியதுதான் பத்திரம்" என்றும் சொல்ல முடியாது. இறந்தவர்கள் யாரும் சாகசம் செய்யப் போனவர்கள் இல்லை. விடுமுறை நாளில் குடும்பத்தோடு சந்தோஷமாக ஏறியவர்கள். பெரியவர் சொன்ன அதே வார்த்தையைத்தான் அவர்களிலும் யாராவது சொல்லியிருப்பார்கள்: எல்லாரும் ஒண்ணாப் போவோம்.

சொந்தமாக வாங்குகிறவர்களுக்கு

வாடகைப் படகு ஒரு நாள் விஷயம். காசு சேர்ந்து, கடலோரத்தில் வீடும் இருந்து, ஒரு படகை வாங்கிப் போடலாம் என்று நினைப்பவர்களுக்கும் இதே கேள்விதான் வரும். அங்கே பெட்ரோல் கணக்கும் சேர்ந்துகொள்ளும்.

பெட்ரோல் அவுட்போர்டு என்ஜினை முழு வேகத்தில் ஓட்டினால், பத்து குதிரைத்திறனுக்கு மணிக்கு ஒரு அமெரிக்க கேலன், அதாவது 3.8 லிட்டர் என்பது தோராயக் கணக்கு. 25 குதிரைத்திறன் என்றால் மணிக்கு ஒன்பதரை லிட்டர். 100 குதிரைத்திறன் என்றால் 38 லிட்டர். எடை கூடினால் என்ஜின் கூடும், என்ஜின் கூடினால் டேங்க் கூடும், டேங்க் கூடினால் மறுபடியும் எடை கூடும்!

பெட்ரோலைவிடப் பெரிய செலவு, படகை வைக்கும் இடம். சின்னதை டிரெய்லரில் ஏற்றி வீட்டு வாசலில் நிறுத்தலாம். 24 அடிப் படகு தாராசுரத்துத் தறிக்காரத் தெருவில் திரும்புமா? தேரே திரும்பப் பாடுபடும். தண்ணீரிலேயே விட்டுவைத்தால் அடியில் சிப்பி ஒட்டும், காவலுக்கு ஆள் வேண்டும், புயல் எச்சரிக்கை வந்தால் இழுத்துக் கட்ட நாலு பேர் வேண்டும். சின்னதை எடுக்க வேண்டுமென்றால் ஒரு ஆள், ஒரு துணை போதும். பெரியதை எடுக்க நாள் பார்த்து, ஆள் சேர்த்து, ஏற்பாடு செய்ய வேண்டும். ஏற்பாடு செய்ய வேண்டியது எதுவும் அடிக்கடி நடக்காது. ஆசையாக வாங்கிய பெரிய படகு தார்ப்பாயின் கீழே தூங்கும்.

சட்டமும் இருக்கிறது. உள்நாட்டு நீர்நிலைகளில் ஓடும் இயந்திரப் படகுகளுக்காக 1917-ல் போட்ட பழைய சட்டத்தை மாற்றி, 2021-ல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது. பதிவு, ஆய்வு, காப்பீடு எல்லாம் அதில் உண்டு. முத்துப்பேட்டை போன்ற காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியில்லாமல் நினைத்தபோது நுழையவும் முடியாது.

வருடத்துக்கு ஒரு முறை வரும் கூட்டத்தை மனதில் வைத்துப் படகு வாங்குவது, வீட்டில் ஒரு முறை நடக்கும் கல்யாணத்துக்காகத் தினமும் அண்டாவில் சோறு வடிப்பது மாதிரி. சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் எத்தனை பேர் வருவார்கள்? அந்த எண்ணிக்கைக்குத்தான் படகு. எந்தத் தண்ணீரில் ஓடப்போகிறது? அந்தத் தண்ணீருக்குத்தான் படகு. ஆழமும் அலையும் உள்ள கடலில் ஆறு பேரோடு போவதென்றால் பெரியது வாங்குவதே புத்திசாலித்தனம். வாய்க்காலும் காயலும் என்றால் சின்னது.

படகுத்துறையில்

திண்ணைச் சண்டை முடிவில்லாமல் முடிந்து, மறுநாள் காலை எல்லோரும் ஜாம்புவானோடை போய்ச் சேர்ந்தார்கள். துறையில் இருபது பேர் ஏறும் படகு ஒன்று, ஏழேழு பேர் ஏறும் படகுகள் இரண்டு இருந்தன. பெரியவர் நேராகப் பெரிய படகுக்குப் போய்விட்டார். பதினாலு பேருக்கு இருபது இடம். நியாயமான தேர்வு. யாரும் குறை சொல்ல முடியாது.

அப்போதுதான் இன்னொரு குடும்பம் வந்தது. எட்டு பேர். அவர்களுக்கும் பெரிய படகு மேலேயே கண். ஒரு பாட்டி, கைக்குழந்தையோடு ஒரு பெண், மற்றவர்கள். சின்னப் படகு ஒன்றில் எட்டு பேருக்கு இடம் போதாது. இரண்டாகப் பிரிந்து போகவும் அவர்களுக்கு விருப்பமில்லை.

பெரியவர் தாராள மனசுக்காரர். பத்து நிமிடப் பேச்சில் அந்தக் குடும்பத்துக்கும் கும்பகோணத்துக்கும் உள்ள உறவைக் கண்டுபிடித்துவிட்டார். "நீங்களும் வாங்க, ஒண்ணாவே போவோம். இருபத்திரண்டுதானே வருது? ரெண்டு குழந்தைங்களை மடியில வெச்சுக்கலாம்" என்றார்.

படகுக்காரர் தலையை ஆட்டினார். "இருபதுதான் சார்."

"அட, ரெண்டு பேருங்க. அதுலயும் குழந்தைங்க."

படகுக்காரர் மறுபடியும் இருபதுதான் என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. இன்னொரு முறை அழுத்திக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார் என்பது தெரியாது. அந்தக் குடும்பத்துப் பாட்டி கும்பிடுகிற மாதிரி நின்றார். முடியாது என்று சொல்வது, அந்த இடத்தில், மரியாதை இல்லாத செயலாகத் தோன்றியது. விபத்துகள் இப்படிப்பட்ட மரியாதையான நிமிடங்களில்தான் ஆரம்பிக்கின்றன.

அதுவரை வேனில் உட்கார்ந்திருந்த அப்பாயி இறங்கி வந்தார்.

"பெரியவனே, அந்தப் பெரிய படகை அவங்களுக்கு விட்டுரு. நாம ரெண்டு சின்னதுல போயிருவோம்."

"அம்மா, அதுல ஆடும்மா. நீங்க பயப்படுவீங்க."

"ஆடட்டும். ஆடுனா பயந்துக்கிட்டு ஒழுங்கா உட்காருவோம்."

அவ்வளவுதான். எட்டு பேர் இருபது பேர் படகில் ஏறினார்கள். ஏழு பேர் ஒன்றில், ஏழு பேர் இன்னொன்றில். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட். வெயிலில் அது புழுங்கியது, பெண் பிள்ளைகளுக்குப் போட்டோவில் நன்றாக இல்லை என்று வருத்தம். அப்பாயி சேலைக்கு மேல் ஆரஞ்சு கலர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சின்னப் படகில் போனதால் எல்லாம் சுகமாக இருந்தது என்று எழுதினால் அது பொய். காயலுக்குள் போனதும் காற்று ஏறி, தண்ணீர் தெறித்து முன்னால் இருந்தவர்கள் நனைந்தார்கள். கூரை இல்லாமல் தலை காய்ந்தது. சாப்பாட்டுக் கூடை ஒரு படகில், குடிதண்ணீர் இன்னொன்றில் மாட்டிக்கொண்டது. ஒரு படகில் சிரித்த ஜோக் இன்னொன்றுக்குப் போய்ச் சேரவில்லை. பதினாலு பேரும் படகில் இருக்கும் ஒரு போட்டோகூட இன்றுவரை அந்த வீட்டில் கிடையாது. பெரியவருக்கு அந்தக் குறை இன்னும் இருக்கிறது.

கிடைத்தது என்ன? மரங்களுக்கு நடுவே ஒரு ஒடுங்கிய வழியில் என்ஜினை நிறுத்திவிட்டுக் கழி ஊன்றிப் போனார்கள். சேற்றிலிருந்து குச்சி குச்சியாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்களை நாலு வயதுப் பயல் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தான். கொக்குகள் சாவகாசமாக நின்றன. பெரிய படகு வெளியே ஆழமான ஓடையிலேயே நின்றது. அந்த எட்டு பேருக்கும் அதுவே திருப்தி, கைக்குழந்தைக்கு நிழல் இருந்தது.

திரும்பி வரும்போது ஒரு படகின் என்ஜின் நின்றுவிட்டது. கயிறு இழுத்து இழுத்துப் பார்த்தும் கிளம்பவில்லை. முன்னால் போன இன்னொரு படகு திரும்பி வந்து, கயிறு கட்டி, இழுத்துக்கொண்டு கரை சேர்த்தது. அரை மணி நேரத் தாமதம். இரண்டு சின்னப் படகில் போவதன் லாபம் என்று எந்தப் புத்தகத்தைப் பார்க்காமலும் அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்தது: ஒன்றுக்கு ஒன்று துணை.

அப்பாயியின் கதை

ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பிட்டு உட்கார்ந்தபோதுதான் பேரன் கேட்டான். "ஏன் அப்பாயி, எத்தனை பேருன்னு எழுதியிருக்கான்னு முந்தா நாளே கேட்டீங்களே, எதுக்கு?"

அப்பாயிக்கு அப்போது பத்து, பதினொரு வயது. எழுபது வருடத்துக்கு முந்தைய கதை. கொள்ளிடத்துக்கு அக்கரையில் ஒரு கல்யாணம். ஆவணி மாதம், ஆற்றில் நல்ல தண்ணீர். பாலத்துக்குப் போனால் சுற்று, ஓடத்தில் போனால் குறுக்கு. ஓடம் நிறைந்திருந்தது. அப்பாவும் மகளும் கடைசியாக ஏறினார்கள். ஓடக்காரர் கழியை ஊன்றிப் பார்த்துவிட்டு, கடைசியாக ஏறின ரெண்டு பேரும் இறங்குங்க என்றார்.

அப்பா கெஞ்சினார், அதட்டினார், கூடக் காசு கொடுக்கிறேன் என்றார். முகூர்த்தம் போய்விடும் என்றார். ஓடக்காரர் அசையவில்லை. இறக்கிவிட்டுத்தான் போனார். அடுத்த நடையில் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. பெண் வீட்டார் கோபித்துக்கொண்டார்கள். அந்த வருத்தம் ரொம்ப நாள் இருந்தது. அப்பா சாகிறவரை அந்த ஓடக்காரரைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

"அப்புறம் அந்த ஓடம் முழுகிருச்சா அப்பாயி?" என்று கேட்டாள் ஒரு பேத்தி. கதை அப்படித்தானே போக வேண்டும்?

"இல்லையே. பத்திரமாப் போய்ச் சேர்ந்துச்சு. அதனாலதான் எங்கப்பா திட்டுனாரு. ரெண்டு பேரு கூட இருந்தா என்ன ஆயிருக்கும்னு கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு."

கொஞ்ச நேரம் கழித்து அப்பாயியே சொன்னார்.

"முழுகாமப் போனதுக்குச் சாட்சி யாரு சொல்லுவா? எனக்கும் ரொம்ப நாள் அந்த ஆளு மேல கோவம்தான். எனக்குப் பிள்ளைங்க பிறந்த பிறகுதான் அந்த ஆளு செஞ்சது புரிஞ்சுது."

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில், இன்னொரு தடவை போனால் மூன்று சின்னப் படகாக எடுத்து ஆளுக்கு ஐந்து பேராகப் போகலாம் என்றார். தம்பி சிரித்துக்கொண்டே, "அண்ணே, அதுக்குப் பதிலா அந்த இருபது பேரு படகுல நாம பதினாலே பேரு போலாம்ணே. வேற யாரையும் கூப்பிடாம இருந்தாப் போதும்" என்றார். இரண்டும் சரிதான்.

சின்னதா, பெரியதா என்ற கேள்விக்கு விடை தண்ணீரில் பாதி இருக்கிறது. மீதிப் பாதி, "போதும், இனி ஏறாதீங்க" என்று சொல்ல அந்தப் படகில் ஒரு ஆள் இருக்கிறாரா என்பதில் இருக்கிறது. அந்த ஆளுக்கு யாரும் நன்றி சொல்லப் போவதில்லை. திட்டுதான் கிடைக்கும். ஏனென்றால் நடக்காத விபத்தை யாரும் பார்ப்பதில்லை.

கொசுறு: படகில் ஏறுவதற்கு முன் கேட்க வேண்டியவை நாலே நாலு. எத்தனை பேர் ஏறலாம்? எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள்? எல்லோருக்கும், குழந்தைக்கும், அளவான லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? இருட்டுவதற்குள் திரும்பிவிடலாமா? ஒன்றுக்குச் சரியான பதில் வரவில்லையென்றாலும் கரையிலேயே சுண்டல் வாங்கிச் சாப்பிடலாம். அதுவும் சுற்றுலாதான்.